தேடல் பெட்டியிடம் அம்மா கேட்டது

9

புது விளம்பரம் வெளியாகிற நாளில் பாப்பாவுக்குக் காலையில் சாப்பாடு இறங்காது. வருஷக்கணக்காக இதே கதைதான்.

"தட்டைப் பாத்தா சாப்பிட்ட மாதிரி இல்ல. தடவிக் குடுத்த மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

"இன்னைக்கு ஒரு விளம்பரம் வெளியாகுதும்மா."

"என்ன விளம்பரம்?"

"அது... வீடு சம்பந்தமா."

பொய் இல்லை. ஆனால் சொல்லும்போது பாப்பா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, தண்ணீர் டம்ளரைப் பார்த்தாள். அம்மாவும் மேலே கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த பிறகு எதைப் பற்றியும் ஒரு கேள்விக்கு மேல் கேட்பதில்லை என்று அம்மா தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள்.

நாற்பதை நெருங்குகிற பெண்ணை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற வீடு அது. அலுவலகத்தில் அவள் 'மேடம்'. இணையத்தில் மக்கள் என்ன தேடுகிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ப விளம்பரம் எழுதுகிற நிறுவனத்தில் அவள்தான் மூளை. கணவன் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். அவனுக்கு அன்று பகல் ஷிப்ட். முப்பது வருஷம் அழகு நிலையம் நடத்திய அம்மா, நின்று நின்றே முட்டி தேய்ந்து, அறுவை சிகிச்சை முடிந்து, 'கொஞ்ச நாளைக்கு' என்று மகள் வீட்டுக்கு வந்தவள். கொஞ்ச நாள் நீண்டு வருஷத்தைத் தொடப் போகிறது.

மூன்று வாரத்துக்கு முன்பு பாப்பா செய்த காரியத்தை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாஷிங் மெஷின் மெக்கானிக்கின் நம்பரைப் பார்க்க, அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அவளுடைய டேப்லெட்டை எடுத்தாள். அம்மாவுக்குச் சின்ன எழுத்தில் விரல் வைத்துத் தட்ட வராது. மைக்கை அழுத்திவிட்டுப் பேசுவாள். தேடல் பெட்டியில் விரல் பட்டதும், அம்மா முன்பு கேட்டதெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி நின்றது.

முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் எப்ப மாடிப்படி ஏறலாம்.

சத்தம் வராம இருமுறது எப்படி.

பொண்ணு வீட்ல நான் பாரமா இருக்கேனான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது.

பாப்பா மூன்றாவது வரியை மறுபடி படித்தாள். அடுத்த அறையில் அம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். பாப்பா எழுந்திருக்கவில்லை. தன் போனை எடுத்து அந்த வரியைக் குறித்துக்கொண்டாள். டேப்லெட்டை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் அதே கேள்வியை அலசிப் பார்த்தாள். கொஞ்சம் முன்பின்னாக அதையே எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். மகன் வீடு, மகள் வீடு, தங்கை வீடு. பெரும்பாலும் வீட்டில் மற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு கேட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் பாப்பாவுக்கு மூச்சு வந்தது. இது அம்மாவுடையது மட்டும் இல்லை, எல்லாருடையதும்தான், ஆகவே எடுத்துக்கொள்ளலாம் என்று மனசுக்கு ஒரு நியாயம் கிடைத்தது. மூத்தோர் குடியிருப்பு ஒன்றுக்கு விளம்பரம் கேட்டு வந்தவர் முன்னால், அந்த வாரமே, அந்த வரியைப் பெரிய திரையில் போட்டாள். அந்த மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த இடத்திலேயே வேலை கைக்கு வந்தது.

"எங்க பிடிச்சீங்க இந்த வரியை?" என்று கேட்டார் டைரக்டர்.

"தேடல்ல இருந்துதான் சார்" என்றாள் பாப்பா.

அதுவும் பொய் இல்லை.

*

மகள் போன பிறகு அம்மா கதவைச் சாத்தினாள். கைப்பிடியை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு, கதவைச் சட்டத்தோடு சேர்த்துவிட்டு, அப்புறம் மெதுவாக விட்டாள். 'க்ளிக்' கூடக் கேட்கவில்லை. வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் பழகிவிட்டது.

முட்டிக்கான பயிற்சி வீடியோவை டேப்லெட்டில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு காலை நீட்டி, பத்து எண்ணி, மடக்க வேண்டும். ஆறு எண்ணும்போது வீடியோ நின்று விளம்பரம் வந்தது. ஜன்னலோரம் ஒரு பெண்மணி. நரைத்த தலை, நல்ல வெட்டு என்று அம்மாவின் தொழில் கண் முதலில் அதைத்தான் பார்த்தது. பிறகு ஒரு பெண் குரல் கேட்டது.

"பொண்ணு வீட்ல நான் பாரமா இருக்கேனா?"

அம்மாவின் கால் அந்தரத்தில் நின்றது.

"இனி அந்தக் கேள்வியே வேண்டாம். உங்களுக்கென்று ஓர் அறை. உங்களுக்கென்று ஒரு சாவி."

அம்மா முதலில் திரும்பி வாசலைப் பார்த்தாள். அப்புறம் டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டாள். குளிக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டதைப் போல உடம்பெல்லாம் கூசியது. யாருமில்லாத நேரமாகப் பார்த்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேட்ட கேள்வி. அழகு நிலையத்தில் எத்தனை பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு தங்கள் கதையை அவளிடம் கொட்டியிருக்கிறார்கள்! ஒன்றையாவது அடுத்த நாற்காலிக்குக் கொண்டு போயிருப்பாளா? இந்த மெஷின் ஊருக்கே சொல்லிவிட்டதே!

மாப்பிள்ளை பார்த்திருப்பாரோ? பாப்பா பார்த்தால்? 'என்னம்மா இது, உனக்கு நான் என்ன குறை வச்சேன்' என்று கேட்டால் என்ன சொல்வது?

மறுபடி காலை நீட்டி, பத்து எண்ணி, மடக்கினாள். பிறகு துண்டை எடுத்துவிட்டு டேப்லெட்டை நிமிர்த்தினாள். கேட்டது கேட்டாகிவிட்டது, யாரோ ஒருவர் பதில் சொல்ல முன்வந்திருக்கிறார், போய்ப் பார்த்தால் தலையா போய்விடும்? மகனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, என்னை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறியா?"

மகன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. "கிளட்ச், கிளட்ச், கிளட்ச விடாதீங்க! அம்மா, ஒருத்தங்க பஸ் முன்னாடி வண்டிய ஆஃப் பண்ணிட்டு நிக்கறாங்க. சாயங்காலம் பாக்கலாமா?"

"சரிப்பா, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் அம்மா. போனை வைத்துவிட்டு டாக்ஸிக்குச் சொன்னாள்.

*

மதியம் அலுவலகக் கூட்ட அறையில் கேக் வெட்டினார்கள். விளம்பரத்தை அழுத்திப் பார்த்தவர்களின் எண்ணிக்கை சுவரில் இருந்த திரையில் ஏறிக்கொண்டே இருந்தது. டைரக்டர் வாய் நிறைய கேக்கோடு, "புதுசா சேர்ந்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க மேடம். உங்க ரகசியம் என்ன?" என்றார்.

பாப்பாவுக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். சொல்லச் சொல்ல அவளுக்கே உற்சாகம் வரும்.

"மனுஷங்க டாக்டர்கிட்ட பாதிதான் சொல்வாங்க. கட்டினவங்ககிட்ட அதுலயும் பாதி. தேடல் பெட்டிகிட்ட மட்டும் முழுசா சொல்லிடுவாங்க. ஏன்னா அது திரும்பி நம்மள ஒரு மாதிரி பாக்காது. அதனால கேள்வியோட கடைசி வார்த்தையைப் பாருங்க. 'விலை'ன்னு முடிஞ்சா, வாங்க வந்தவர். 'வலிக்குமா'ன்னு முடிஞ்சா, பயந்தவர். அவர்கிட்ட விலையைச் சொல்லாதீங்க, கையைப் பிடிங்க. 'எப்படித் தெரிஞ்சுக்கிறது'ன்னு முடிஞ்சா..."

இங்கே வழக்கமாக அவள் ஒரு நொடி நிறுத்துவாள். கேட்பவர்கள் பேனாவை எடுப்பார்கள்.

"...அவருக்குப் பதில் ஏற்கெனவே தெரியும். யாராவது ஒருத்தர் 'அப்படியெல்லாம் இல்லை'ன்னு சொல்ல மாட்டாங்களான்னுதான் கேக்கறார்."

அடுத்த வாக்கியம் வரவில்லை. எத்தனையோ முறை சொன்ன வார்த்தைகள் அன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தன.

நல்லவேளை, டைரக்டரின் போன் ஒலித்தது. குடியிருப்பை நடத்துகிறவர். டைரக்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், மேடம் இருக்காங்களா? போன் ஓயவே இல்ல சார்! இதோ, முதல் ஆள் நேர்லயே வந்துட்டாங்க. டாக்ஸி புடிச்சு, தனியா, கைத்தடியோட. முட்டி ஆபரேஷன் பண்ணவங்களாம். என்ன கலகலப்பு தெரியுமா! வந்ததும் என் தலையைப் பாத்தாங்க. 'தம்பி, இந்த டையை யாரு போட்டு விட்டது? காது மேலெல்லாம் கறுப்பா இருக்கு. நெத்தியில எண்ணெய் தடவிட்டுப் போடணும்'னாங்க!"

அறையே சிரித்தது. யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள்.

பாப்பாவும் தட்டினாள். உலகத்தில் ஒரே ஒரு பெண்மணிதான் அறிமுகமான மறு நொடி அடுத்தவர் தலைமுடியில் கை வைப்பாள் என்று தெரிந்துகொண்டே, இரண்டு கையையும் தூக்கித் தட்டினாள்.

"பிரமாதம்! இந்த மாதிரி வரி இன்னும் பத்து வேணும் மேடம்" என்றார் டைரக்டர்.

"இதோ வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் நின்று போனைப் பார்த்தாள். தம்பி பலமுறை அழைத்திருந்தான். திருப்பிக் கூப்பிட்டதும் எடுத்தான்.

"அக்கா, அம்மா போனை எடுக்க மாட்டேங்கறாங்க. வீட்டுக்கு வந்தேன், பூட்டியிருக்கு. அப்புறம்... ஒரு விளம்பரம் பாத்தேன்."

"எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். கீழ நிக்கறேன். வந்து கூட்டிட்டுப் போ."

*

டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். தம்பி ஓட்ட, பாப்பா அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"அதுல காலை வைக்காத" என்றான்.

சிக்னலைத் தாண்டி வண்டியை ஓரப் பாதைக்குக் கொண்டு வந்தான். பிறகு, "நீ எழுதினதா?" என்றான்.

"ம்."

"அம்மா சொல்லித்தானே எழுதின?"

"இல்ல. டேப்லெட்ல பாத்தேன். அம்மாவுக்குத் தெரியாது."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். அவ்வளவுதான்.

"திட்டுடா."

"என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு திட்றது? அம்மா எங்கிட்ட நேராவே கேட்டாங்கக்கா. உன் பொறந்த நாளைக்கு வந்தேன்ல, அன்னைக்கு. 'பாப்பாவுக்கு நான் பாரமா இருக்கேனாடா'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"'அத அக்காகிட்டயே கேளு'ன்னேன்." அவன் குரல் இறங்கியது. "இல்லன்னு சொன்னா, 'அப்ப கொஞ்ச நாள் உன் வீட்ல இருக்கட்டுமா'ன்னு கேட்டுடுவாங்களோன்னு பயம். எங்க வீட்ல இடம் இல்லன்னு ஊருக்கே சொல்லிட்டிருக்கேன். இடம் இருக்குக்கா. மனசுதான் ஒரு ரூம் கம்மி."

பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகனிடம் கேட்டு, மகளிடம் கேட்கச் சொல்லி, மகளிடம் கேட்கப் பயந்து, அம்மா மெஷினிடம் போயிருக்கிறாள். மெஷின் சுற்றிவளைத்து அதை மகளிடமே கொண்டுவந்து சேர்த்தது. மகள் அதை விற்றுவிட்டாள்.

குடியிருப்பின் வாசல் தெரிந்தது. கார் திடீரென்று குலுங்கி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை விடாமல் அழுத்தினான்.

"அக்கா! காலை எடு!"

குனிந்து பார்த்தாள். அவள் கால் அந்தப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

*

மாதிரி அறை இரண்டாவது மாடியில். புது வண்ணப்பூச்சின் வாசனை இன்னும் போகவில்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து, மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் குடியிருப்புக்காரர், பரீட்சைக்கு வந்த மாணவனைப் போல நின்றார்.

"கட்டில் கொஞ்சம் உயரம் தம்பி. முட்டி சரியில்லாதவங்களுக்கு அதுதான் வசதி. யாரோ யோசிச்சுப் பண்ணியிருக்காங்க."

"நீங்க சொன்னா சரிதாம்மா" என்றார் அவர். வாசலில் நிழல் தட்டத் திரும்பியவர் முகம் மலர்ந்தது. "அட, மேடம்! நீங்களே வந்துட்டீங்களா! அம்மா, நீங்க பாத்தீங்களே அந்த விளம்பரம், அதை எழுதினது இவங்கதான்."

அம்மா பாப்பாவைப் பார்த்தாள்.

முதலில் அந்த முகத்தில் வந்தது பயம்தான். தான் இங்கே வந்ததை மகள் பார்த்துவிட்டாளே என்கிற பயம். பிறகு அந்த மனிதர் சொன்னது உள்ளே போய்ச் சேர்ந்தது. டேப்லெட், ஞாயிற்றுக்கிழமை, வாஷிங் மெஷின் மெக்கானிக் என்று ஒவ்வொன்றாக அம்மா கோத்துக்கொள்வதைப் பாப்பா கண்ணெதிரே பார்த்தாள். கோத்து முடித்ததும் அம்மா பார்வையை மெத்தைக்குக் கொண்டு போனாள்.

"அப்படியா?" என்றாள். "நல்லா எழுதியிருக்கீங்க மேடம்."

அறைந்திருந்தால் தாங்கியிருக்கலாம். தன் மகளை ஒரு வெளி ஆள் முன்னால் காட்டிக் கொடுக்கக் கூடாது என்றுதான் அம்மா அந்த வார்த்தையைச் சொன்னாள். பாப்பாவுக்கு அது புரிந்தது. புரிந்தும், சில நொடிகள், அந்த மறைவு அவளுக்கு வசதியாகவே இருந்தது. அந்தச் சில நொடிகளை அவளால் பிறகு எப்போதும் மறக்க முடியவில்லை.

"ஒரு யோசனை மேடம்" என்றார் குடியிருப்புக்காரர். "அம்மா முகம் எவ்வளவு லட்சணமா இருக்கு! இவங்க போட்டோவையே விளம்பரத்துல போட்டுட்டா என்ன?"

பின்னால் நின்ற தம்பி செருமினான்.

"சார், இவங்க என் அம்மா" என்றாள் பாப்பா. 'அம்மா' மட்டும் கிசுகிசுப்பாக வந்தது.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையைக் கூப்பிவிட்டார். "அதான பாத்தேன்! அதான் அவ்வளவு உருக்கமா இருந்துச்சு. அம்மாவை மனசுல வச்சு, அனுபவிச்சு எழுதியிருக்கீங்க. இப்படி ஒரு பொண்ணு கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்மா!"

அம்மா கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வழி தெரியாமல் திகைத்தது. "நான் போய்... எல்லாருக்கும் டீ சொல்றேன்" என்று வெளியே போய், கதவையும் சாத்திவிட்டுப் போனார்.

*

"எப்ப பாத்த?" என்று கேட்டாள் அம்மா.

"மூணு வாரம் இருக்கும்மா."

"மூணு வாரமா தெரியும். தெரிஞ்சும் காலைல டிபன் சாப்பிட்ட, டாட்டா காட்டின, 'அம்மா, சாவி எங்கே'ன்னு கேட்ட." அம்மா எண்ணி எண்ணிச் சொன்னாள். "நான் அந்த மெஷின்கிட்ட ஏன் கேட்டேன்? உங்கிட்ட கேக்க பயமா இருந்துச்சு. சரி, உன் கண்லயே பட்டுடுச்சு. அப்ப நீயே பதில் சொல்லியிருக்கலாம்ல பாப்பா?"

பாப்பா தரையில், அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"பாத்ததும் எனக்கு அழுகை வரலம்மா." இதைச் சொல்லாமல் தப்பிக்கலாம் என்று தோன்றியது. சொன்னாள். "நல்ல வரின்னுதான் தோணிச்சு. இதப் போட்டா ஜனங்க நிப்பாங்கன்னு. அதுதான் முதல்ல தோணிச்சு. அதைக் கேட்டது நீன்னு உறைச்சதே அப்புறமாத்தான்."

தம்பி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

அம்மா கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு, "எனக்கும்தான் வெக்கமா இருக்கு" என்றாள். "ஊரே பாக்குது. மாப்பிள்ளை பாத்தா என்ன நினைப்பாரு? நம்ம வீட்ல இவங்களுக்கு என்ன குறைன்னு நினைக்க மாட்டாரா? அந்த மனுஷன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"அவர் எதுவும் நினைக்க மாட்டார்மா."

"நிறைய பேர் இதையே கேக்கறாங்கன்னு டீ சொல்லப் போன தம்பி சொன்னாரே, நிஜமா?"

"நிஜம்தாம்மா. நிறைய பேர் கேக்கறாங்க."

"எல்லாருக்கும் இந்த ரூம்தான் பதிலா?"

பாப்பாவின் தொழிலில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.

"இல்லம்மா... நீ பாரம் இல்லம்மா" என்று ஆரம்பித்தாள்.

அம்மா அவள் வாயைக் கையால் மூடினாள். கோபமாக இல்லை, முகத்துக்குக் களிம்பு போடும்போது 'பேசாதீங்க, கோடு விழும்' என்று வாடிக்கையாளர்களை அடக்குவாளே, அந்த மாதிரி.

"இப்ப சொல்லாத. இப்ப சொன்னா குத்த உணர்ச்சியில சொல்வ. அது எனக்கு வேணாம். நீ ராத்திரி எத்தனை தடவை என் ரூம் லைட்டைப் பாத்துட்டுப் பெருமூச்சு விட்டிருக்கன்னு எனக்குத் தெரியும். எனக்கும் உன் மேல எத்தனையோ தடவை எரிச்சல் வந்திருக்கு. அதையெல்லாம் சேத்துப் போட்டு யோசி. யோசிச்சிட்டு, இருக்கறத இருக்கற மாதிரி சொல்லு. பாரம்தான்னாலும் சொல்லு. தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி இருந்துக்குவேன். தெரியாமத்தான் இருமலக்கூட முழுங்கிட்டு உக்காந்திருக்கேன்."

"சரிம்மா. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"நான் வரல."

தம்பி திரும்பினான். "அம்மா!"

"ரெண்டு மூணு நாள் தங்கிப் பாக்கலாம்னாங்க. தங்கிப் பாக்கறேன். கோவிச்சுக்கிட்டு இல்லடா." கொஞ்சம் யோசித்தாள். "கோவமும் இருக்கு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். முப்பது வருஷம் ஒரு கடை நடத்தினவ. எந்த இடம் எனக்குச் சரிப்படும்னு பாக்க எனக்குத் தெரியாதா? நீ வேணா போய் என் மாத்திரையையும் மாத்துத் துணியையும் எடுத்துட்டு வா. பாப்பா வேணாம். நீ வா."

"நான் வர்றேம்மா" என்றான் தம்பி. பிறகு தயங்கித் தயங்கி, "அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான்..." என்றான்.

"உன் பதில் எனக்கு அன்னைக்கே கிடைச்சிடுச்சு கண்ணா" என்றாள் அம்மா. சாதாரணமாகத்தான் சொன்னாள். அவன் காது வரை சிவந்துவிட்டது.

*

இருவரும் கீழே இறங்கி வந்தார்கள். காரில் ஏறவில்லை. வாசலில் பொருட்களை ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு வழிவிட்டு, சுவரோரமாக நின்றார்கள்.

பாப்பா போனை எடுத்தாள். அலுவலகக் கணக்கைத் திறந்தாள். விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷமும் எங்கோ ஒரு வீட்டில், யாரோ ஒருவர் காலை நீட்டி எண்ணிக்கொண்டிருக்கும்போது அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். நிறுத்தும் பொத்தான் ரொம்பச் சின்னது. அழுத்தினாள். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. மறுபடியும் அழுத்தினாள்.

"வேலை போயிடாதா?" என்றான் தம்பி.

"போகலாம்."

"அம்மாவுக்கு என்ன பதில் சொல்லப் போற?"

"தெரியலடா" என்றாள். அன்று காலையிலிருந்து அவள் சொன்னவற்றில், மேலே ஒரு பூச்சும் இல்லாமல் வந்த வார்த்தை அதுதான்.

போன் ஒலித்தது. டைரக்டர்.

"மேடம், விளம்பரம் திடீர்னு நின்னு போச்சே? எல்லாரும் அடிச்சுப் புடிச்சு என்ன கோளாறுன்னு பாத்துட்டிருக்கோம். குடியிருப்புக்காரர் வேற போன் பண்றார். நீங்க எங்க இருக்கீங்க?"

"கோளாறு இல்ல சார். நான்தான் நிறுத்தினேன்."

"நீங்களா? ஏன்?"

சட்டச் சிக்கல் என்று சொல்லலாம். புள்ளிவிவரத்தில் தவறு என்று சொல்லலாம். இன்னும் நல்ல வரி ஒன்று கிடைத்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம், அவர் நம்பிவிடுவார். எல்லாம் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றன.

"அந்த வரி பொதுத் தேடல்ல கிடைச்சது இல்ல சார். எங்க அம்மாவோட டேப்லெட்ல இருந்து எடுத்தேன். அவங்களைக் கேக்காம."

கூட்ட அறையில் யாரோ நாற்காலியை இழுப்பது மட்டும் கேட்டது. போன் ஸ்பீக்கரில் இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மதியம் கை தட்டிய அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

போனைக் காதிலிருந்து எடுக்கத் துடித்த கையை மறு கையால் பிடித்துக்கொண்டு, பாப்பா அப்படியே நின்றாள்.

"மேடம்" என்றார் டைரக்டர், முன்பு எப்போதும் இல்லாத ஒரு மெல்லிய குரலில். "அப்ப, இதுக்கு முன்னாடி நீங்க கொண்டு வந்த வரிகள்லாம்... அதெல்லாம் யாரோடது?"